பக்கத்துக்கு ஒரு திருடன்

அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஆயினும் அவளைத் தெரிந்தவர் அனைவரும் கொக்கி என்றே அழைத்தனர். எழுத்தில் எங்கே பிழை கண்டாலும் அதன் அருகில் தூண்டில் முள்ளைப் போன்ற சிறு கொக்கி ஒன்றைப் பென்சிலால் இடாமல் அவள் கை அடங்காது. மருந்துச் சீட்டு, துண்டு விளம்பரம், அடுத்த வீட்டார் கதவில் ஒட்டிய ‘நாய் உள்ளது எச்சறிக்கை’ என எதுவும் அவளிடம் தப்பியதில்லை. கணவர் அவளுக்கு எழுதிய முதற்கடிதத்தில் நான்கு கொக்கிகள் விழுந்தன. அவர் அதைத் திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்த பின்னரே சம்மதம் கிடைத்தது.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எதையும் மறக்க மாட்டாள். ஆறாம் வகுப்பில் தன் வண்ணப் பென்சிலை வேண்டுமென்றே ஒடித்தவளின் முகத்தை இன்று கேட்டாலும் மச்சத்தோடு வரைந்து காட்டுவாள்.

அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளிக்குச் செல்வதில்லை. சமையலறை மேசையே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். காலை எட்டரைக்கு மேசையைத் துடைத்துவிட்டால் பாடம் தொடங்கிற்று என்று பொருள். பதினொரு வயதான மூத்தவளுக்கு வக்கீல் என்று பெயர். எதற்கும் ஆதாரம் கேட்பாள். ஏழு வயதான இளையவள் தும்மல். வசந்தம் பிறந்து மரங்கள் பூத்துவிட்டால் அவள் மூக்குக்கு ஓய்வு கிடையாது. சன்னலைத் திறந்து வைத்த நாட்களில் மகரந்தம் மேசைமேல் மெல்லிய மஞ்சள் தூளாகப் படியும். தும்மல் அதன்மேல் விரலால் ஏழாம் வாய்பாட்டை எழுதுவாள்; ஏழெட்டு வருவதற்குள் ஒரு தும்மலில் எல்லாம் பறந்துவிடும்.

அந்த வசந்தத்தில் அவர்களுக்கு வேலை மிகுதி. முட்டை அட்டையின் குழிகளில் அவரை விதைகள் முளைத்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சன்னல் பக்கம் சாய்ந்தன. குழாய் வளைவில் குருவி கூடு கட்டியது; அது எத்தனை முறை துரும்பு கொணர்கிறது என்று வக்கீல் கோடு கிழித்து எண்ணினாள். காலை ஒன்பது மணிக்கு வெயில் தரையில் எதுவரை வருகிறதோ அங்கே நாள்தோறும் சுண்ணக்கட்டியால் கோடு இட்டனர். கோடுகள் அடுப்படியிலிருந்து கதவை நோக்கி நகர்ந்து சென்றன. தரையைக் கூட்டும்போது அவற்றை மிதிக்காமல் தாண்டக் கணவரும் பழகிக்கொண்டார். அவர் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்.

இவற்றையெல்லாம் பாடமாக்கிக் கொக்கி ஒரு பெரிய நோட்டில் எழுதிவந்தாள். ஐம்பத்திரண்டு பக்கங்கள், படங்கள் கணவருடையவை. அதில் அவ்வீட்டுக்கே உரிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டுமென்றே ஒரு பிழையை அவள் ஒளித்து வைப்பாள். எறும்புக்கு எட்டுக் கால் என்று இருக்கும். அல்லது ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று இருக்கும். அப்பிழைக்குத் திருடன் என்று பெயர். பக்கத்துக்கு ஒரு திருடன். அவனைக் கண்டுபிடித்தவர் நோட்டில் கை வைத்தல் கூடாது. தங்கைக்கும் அடுத்த ஆண்டு அந்த நோட்டு வேண்டுமே. தனித்தாளில் பக்க எண்ணையும் திருடனையும் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். அத்தாளுக்கு வக்கீல் வைத்த பெயர் பிடிவாரண்டு. ஆகவே, பிடிவாரண்டுகளைப் பாராமல் நோட்டை மட்டும் புரட்டுபவருக்கு அது சாதாரணப் பாடநூலாகவே தோன்றும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தலைமையாசிரியர் ஆராய்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முந்தைய ஆண்டுகளில் கையெழுத்திட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

“நம்ம அக்கா இருக்கும்போது வெளியில எதுக்கு அலையணும்?” என்றார் கணவர்.

அவருடைய அக்காள் அவ்வூரின் பெரிய பள்ளியில் தலைமையாசிரியை. கொக்கி அவரை அண்ணி என்று அழைப்பாள். தம்பியின் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது தன் நாற்காலிக்கே இழுக்கு என்று எண்ணுபவர். ஆயினும் கொக்கி மறுக்கவில்லை. கணவர் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிஸ்கட் டப்பாவை எடுத்துச் செல்ல மறந்தார். திருடர்களைப் பற்றிச் சொல்லவும் மறந்தார்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பின்னர் நோட்டு திரும்பிற்று. அதன் உள்ளே அறிக்கையின் நகல் இருந்தது. ‘வரிசையும் ஒழுங்கும் அற்ற கிறுக்கல்கள். முழுவதும் கவனமாகப் பரிசீலித்தேன். பிள்ளைகளை உடனடியாகப் பள்ளியில் சேர்த்தல் நலம்.’ அசல் அறிக்கை கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணைக்கு வருமாறு அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. அன்று அறிக்கை உறுதியானால் மேசைப் பள்ளிக்கூடம் மூடப்படும்.

கொக்கி அந்நகலை மூன்று முறை படித்தாள். அதில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அதுவே அவளுக்கு மேலும் ஆத்திரத்தை மூட்டியது.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு திங்கட்கிழமை வக்கீல் காகிதக் கடையிலிருந்து ஓடி வந்தாள். கையில் பளபளக்கும் அட்டையிட்ட நூல் ஒன்று இருந்தது.

“அம்மா, கடைக்கார மாமா குடுத்தாரு. ‘உங்க அத்தை எழுதின புத்தகமாச்சே, எடுத்துட்டுப் போ’ன்னாரு. சனிக்கிழமை நூலக மண்டபத்துல வெளியீடாம். மாவட்டக் கல்வி அதிகாரி வர்றாராம். பன்னிரண்டு பள்ளிக்கூடத்துல பாடமா வைக்கப் போறாங்களாம்.”

அட்டையில் ஒரு குருவி துரும்போடு அமர்ந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் நூலின் பெயர்: ‘ஓர் குருவியின் வசந்தம்’.

கொக்கியின் கை பென்சிலைத் தேடியது. பிறகு நடுவிலேயே நின்றது. உயிரெழுத்தின் முன் ஓர் வரும். மெய்யின் முன் ஒரு வரும். ஒரு குருவி என்றே எழுதுதல் வேண்டும். அவள் நோட்டின் முதற்பக்கத் தலைப்பு ‘ஓர் குருவியின் வசந்தம்’. முதற்பக்கத்துத் திருடன் அந்த ‘ஓர்’.

“அம்மா!” என்று வக்கீல் அலறினாள். “திருடன்! நம்ம திருடன்!”

தாயும் மகளும் நோட்டை ஒரு பக்கமும் நூலை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தனர். இரண்டாம் பக்கத்தில் எறும்பு எட்டுக் கால்களோடு நடந்தது. மூன்றாம் பக்கத்தில் ஆண் தேனீ கொட்டிற்று. ஐந்தாம் பக்கத்தில் இரவும் பகலும் சமமான நாளில் பகல் பதினான்கு மணி நேரம் நீண்டது. சொல்லுக்குச் சொல் அவளுடைய பாடம்; ஒவ்வொரு திருடனும் இடம் மாறாமல் அச்சேறியிருந்தான். முன்னுரையில் அண்ணி எழுதியிருந்தார்: ‘இந்நூலின் ஒவ்வொரு வரியும் என் கண்பட்டுத் தேறியது. இது என் பல்லாண்டு முயற்ச்சியின் பயன்.’

“இந்த ‘முயற்ச்சி’ நம்ம வீட்டுத் திருடன் இல்லையேம்மா” என்றாள் வக்கீல். “ற்-க்கு அப்புறம் ஒற்று வராதே.”

“அது அத்தை சொந்தமா வளர்த்தது” என்றாள் கொக்கி.

அவள் சிரித்தாள். அச்சிரிப்பைக் கேட்டுத் தும்மல் தும்முவதை நிறுத்திவிட்டுத் தாயை ஏறிட்டுப் பார்த்தாள்.

கொக்கிக்கு அப்போதே எல்லாம் தெளிவாயிற்று. நோட்டை முழுவதும் பரிசீலித்ததாக அறிக்கை சொல்கிறது. பரிசீலித்திருந்தால் ஐம்பத்திரண்டு பிழைகளில் ஒன்றையாவது சுட்டிப் பிள்ளைகளையும் தாயையும் நார் நாராகக் கிழித்திருப்பார். அண்ணிக்கு அதைவிட இனிப்பான வேலை உலகில் இல்லை. ஒரு பிழையும் சொல்லப்படவில்லை. ஆகவே அவர் படிக்காமலே அறிக்கை எழுதினார். படிக்காமலே நூலை அச்சிட்டார். ஒரே டப்பா நிறைய பிடிவாரண்டுகள் இரண்டையும் மெய்ப்பிக்கும். சனிக்கிழமை, கல்வி அதிகாரியின் முன்னிலையில், மண்டபம் நிறைந்திருக்கும்போது எழுந்து நின்று, ‘அண்ணி, எறும்புக்கு எத்தனை கால்?’ என்று கேட்டால் போதும்.

அக்கேள்வியை அவள் பலவாறு சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது பணிவாகக் கேட்டாள். துணி உலர்த்தும்போது அப்பாவியாகக் கேட்டாள். செவ்வாய்க்கிழமையே சனிக்கிழமைக்கு உரிய உடையைத் தேய்த்து மாட்டினாள்.

“என்ன, உனக்கு ஏதாவது பட்டாபிஷேகமா?” என்றார் கணவர்.

“எனக்கில்ல. உங்க அக்காவுக்கு.”

அவர் முகம் வாடியது. முற்றத்தில் அவர் அப்போது வெளியீட்டு விழாவுக்கான பதாகையை எழுதிக்கொண்டிருந்தார். தம்பிதானே என்று அக்காள் பத்து நாட்களுக்கு முன்பே ஒப்படைத்த வேலை அது; எழுத வேண்டிய வாசகம் முந்தின நாள்தான் வந்தது. இரண்டடி உயர எழுத்துகளில் ‘ஓர் குருவியின்’ வரை முடிந்திருந்தது.

“அது தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“பன்னிரண்டு வருஷம் உன்கூட குடித்தனம் பண்றேன், தெரியாம இருக்குமா? எழுதிக் குடுத்ததை அப்படியே எழுதறதுதான் என் தொழில்.” தூரிகையைத் துடைத்தார். “என் குருவியைக்கூட யாரையோ விட்டு வரையச் சொல்லியிருக்கா. பாரு, மூக்கு கோழி மாதிரி இருக்கு. அதான் மனசு கேக்கலை. ஆனாலும் அக்காடி. தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடேன். ஊர் முன்னால வேண்டாம்.”

“அறிக்கையை என்னைத் தனியாக் கூப்பிட்டா குடுத்தாங்க? நேரா அலுவலகத்துக்குத்தானே அனுப்பினாங்க?”

அவர் ‘வ’வின் வளைவை இழுக்கத் தொடங்கினார்.

கொக்கி நூலின் முதற்பத்துப் பக்கங்களோடு நின்றுவிட்டாள். எஞ்சியவற்றையும் ஒப்பிட்டு, நாளொன்றுக்குப் பத்து வீதம் நூலுக்கும் பிடிவாரண்டு எழுதும் பணியை மூத்தவளிடம் விட்டாள். தானே எழுதியவை, மீண்டும் பார்ப்பானேன்? அவள் மனம் முழுவதும் சனிக்கிழமை மண்டபத்திலேயே குடியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. தரையில் அன்றைய வெயிற்கோடு இட்டாயிற்று. தும்மல் ஈரப் பஞ்சில் அவரை வேரை அளந்துகொண்டிருந்தாள். வக்கீல் தலைநிமிராமல் கேட்டாள்:

“அம்மா, முப்பத்தேழுல அரளிதானே திருடன்?”

“எந்த அரளி?”

“‘செம்பருத்தி, அரளி ஆகிய பூக்களின் அடியைக் கிள்ளி உறிஞ்சினால் தேன் இனிக்கும்.’ நம்ம நோட்டுல இதோட முடிஞ்சுது. அத்தை கீழ கட்டம் போட்டு ஒண்ணு சேர்த்திருக்காங்க. ‘செய்து பார்ப்போம்! உங்கள் பள்ளியில் உள்ள பூக்களில் தேனைச் சுவைத்துப் பாருங்கள்.’”

கொக்கியின் கையிலிருந்த கரண்டி நின்றது. அரளியின் பூ, இலை, காம்பு யாவும் நஞ்சு. வீட்டில் அப்பாடத்துக்கு முன்பே செடியைக் காட்டிச் சொல்லியாயிற்று. வக்கீல் அன்றே அத்திருடனை அரை நிமிடத்தில் பிடித்தாள். அவ்வரியை எழுதியவள் கொக்கி. எழுதியதையே அவள் மறந்திருந்தாள்.

“சனிக்கிழமைக்கு அப்புறந்தானே பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்க?” என்று முற்றத்தை நோக்கிக் கேட்டாள்.

“மூணாம் வகுப்புக்கு நேத்தே குடுத்தாச்சாம்” என்றார் கணவர். “அதிகாரி முன்னால செஞ்சு காட்டறதுக்கு ஒத்திகை. ஏன்?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், இன்னும் இரண்டு நாள்தானே என்ற எண்ணம் அவளுள் எழுந்தது. இத்தனை நாள் ஊட்டி வளர்த்த கேள்வி வீணாகிவிடுமே என்றும் தோன்றியது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, நூலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பள்ளியின் சுற்றுச்சுவர் நெடுக அரளி இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கியது. தலைமையாசிரியையின் அறையில் எழுத்தர் ஒருவர் கோப்போடு நின்றார். அண்ணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நோக்கினார்.

“வாம்மா. பிள்ளைங்களைச் சேர்க்க விண்ணப்பம் வாங்க வந்தியா?”

“முப்பத்தேழாம் பக்கம் திறங்க அண்ணி. சத்தமாப் படிங்க.”

“என்ன அதிகாரம்! உன் சமையலறைன்னு நினைச்சியா?”

“படிங்க, சீக்கிரம்.”

அவள் குரலில் இருந்தது எதுவோ, அண்ணி நூலை விரித்துப் படித்தார். “‘...தேன் இனிக்கும்.’ சரி. இதுல என்ன?”

“அரளி அண்ணி. உங்க சுவரோரம் பூத்து நிக்குதே, அதேதான். விஷம். மூணாம் வகுப்பு இப்ப எங்க இருக்கு?”

அண்ணியின் கண்கள் சன்னலுக்குச் சென்றன. மைதானத்தில் ஒரு வகுப்பு வரிசையாக நின்றது. அவர் முகத்திலிருந்த நிறம் வடிந்தது. வடிந்த வேகத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

“நீதானேடி இப்படி எழுதி வெச்சே! உன் நோட்டுல இருந்ததைத்தானே போட்டேன்!”

எழுத்தர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கொக்கியைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

“ஆமா அண்ணி, நான் எழுதினதுதான். அதை அப்புறம் பேசலாம். முதல்ல ஆளை அனுப்புங்க” என்றாள் கொக்கி.

எழுத்தர் அனுமதிக்குக் காத்திராமல் வெளியே பாய்ந்தார். நல்வாய்ப்பாக ஆசிரியை அப்போதுதான் கட்டத்தில் உள்ளதை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி மட்டும் பூவைப் பறித்துக் காதில் செருகியிருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிள்ளைகளின் கைகளைக் கழுவச் செய்தனர். முப்பத்து நான்கு நூல்களும் திரும்ப வாங்கப்பட்டு மேசைமேல் அடுக்கப்பட்டன.

அறையில் இருவர் மட்டும் எஞ்சினர். அண்ணி ஒரு குவளை நீர் பருகினார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். குரல் பழைய நிலைக்குத் திரும்பிற்று.

“நல்ல நேரத்துல வந்தே. அந்தப் பக்கத்து மேல ஒரு தாளை ஒட்டிடறேன். சனிக்கிழமை நடக்கறது நடக்கட்டும். என் தம்பி பிள்ளைங்க நோட்டு, எனக்கும் சொந்தம்தானே? குடும்பத்துக்குள்ள இதெல்லாம் ஒரு விஷயமா?”

கொக்கி தன் நூலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, உனக்கும் ஒரு வழி பண்றேன். அறிக்கையை மாத்தி எழுதி இன்னிக்கே அனுப்பறேன். ‘மிகச் சிறப்பு’ன்னு. அடுத்த மூணு வருஷத்துக்கும் நானே கையெழுத்துப் போடறேன், யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. நீ சனிக்கிழமை வீட்டுல இரு. நோட்டைப் பத்தி வாயைத் திறக்காதே. என்ன சொல்றே?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

அவள் எழுந்தாள். அண்ணி சற்றுத் தயங்கி, “ஏம்மா, வேற எங்கேயாவது இந்த மாதிரி...” என்று இழுத்தார்.

“விஷம் வேற எங்கேயும் இல்ல.”

“தப்பு ஏதாவது?”

“ஒவ்வொரு வரியும் உங்க கண்பட்டுத் தேறினதுன்னு முன்னுரையில போட்டிருக்கீங்களே அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கொக்கி கதவை மெல்லச் சாத்தினாள்.

வீட்டுக்குள் நுழையும்முன்பே கணவர் எதிரே வந்தார். அக்காள் அதற்குள் தொலைபேசியில் பேசிவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“ஒத்துக்கோயேன். நமக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துதானே? அது கிடைச்சாச்சு. நீ சனிக்கிழமை எழுந்து பேசினா அறிக்கை செல்லாமப் போகலாம். ஆனா பத்தாம் தேதி வேற யாராவது புதுசா வந்து பரீட்சை பண்ணுவாங்க. அவங்களுக்கு நம்ம திருடனும் வாரண்டும் புரியுமா? பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்னு அவங்களும் எழுதிட்டா?”

“எழுதலாம்” என்றாள் கொக்கி.

வக்கீல் வாயிற்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அத்தை கையெழுத்துப் போட்டா நான் பரீட்சையே எழுத வேண்டாமா?”

“வேண்டாம்.”

“நோட்டைப் படிக்காமலே நான் நல்லாப் படிக்கிறேன்னு எழுதுவாங்களா?”

“முதல்ல படிக்காமலே நீ படிக்கலைன்னு எழுதினாங்க. இப்ப படிக்காமலே நீ படிக்கிறேன்னு எழுதுவாங்க.”

வக்கீல் மூக்கைச் சுளித்தாள். தாயின் வலக்கையைத் தும்மல் வந்து பற்றிக்கொண்டு அதிலேயே தும்மினாள்.

கொக்கி கையை முன்றானையில் துடைத்துக்கொண்டு மேசையின் எதிரே அமர்ந்தாள். கணவர் தேநீர் வைத்தார், அவள் பருகினாள். கடைசியில் அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கியபோது குரலில் சூடு இல்லை.

“இது நியாயத்துக்காகன்னு நான் சொல்லிக்க மாட்டேங்க. உங்க அக்கா முகத்தை அன்னிக்கு நான் பார்க்கணும். அதுதான் உண்மை. அந்த அரளி வரியை எழுதினது நான்னும் அங்கேயே சொல்லிடுவேன். என் பேரும் கெட்டுப்போகட்டும்.”

“பிள்ளைங்க?”

“அவங்க கையெழுத்துல என் பிள்ளைங்க இங்க உக்காந்து படிக்க வேண்டாம். பத்தாம் தேதி யார் வேணும்னாலும் வந்து கேள்வி கேக்கட்டும். சனிக்கிழமை நான் போறேன்.”